திடீரென மடியும் மாடுகளும் இரத்தப் பரிசோதனையும்

மாலையில் நன்றாய்த் தீனி தின்ற மாடு, மறுநாட் காலையில் தொழுவத்தில் இறந்து கிடப்பதுண்டு. பாம்பு கடித்ததென்றும், இளஞ்சோளப் பயிரைத் தின்று நஞ்சேறிற்றென்றும் பலர் பலவாறு கூறுவர். அவை மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் மூக்கு, வாய், ஆசனவாய் இவற்றினின்று உறையாத கரிய இரத்தம் கசிந்து, வயிறு விரைவில் உப்பி, உடல் சரிவர விறைக்காதிருப்பின், அடைப்பான் நோயெனச் சந்தேகித்தல் வேண்டும்.

இந்நோய் ஒருவகைப் பாக்டீரியாக் கிருமியால் உண்டாவதென்பதை 1876-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்பார் நிரூபித்தார். மாண்ட மாட்டின் இரத்தத்தில் இக்கிருமிகள் மிகுந்திருக்கும். உடலை அறுக்காது விடின், அழுகலினால் உள்ளேயே சில நாட்களில் பெரும்பாலும் அழிந்துபோம். அறுத்தாலோ, காற்றுப்பட்டு, கெட்டியான உறையுடைய வித்துக்களாக மாறி, மண்ணிற் பல பத்தாண்டுகள் கிடந்து, பின்னர் மேயும் மாடுகளைப் பற்றும். தோலுரிப்போருக்கும் நோய் தொற்றும்.

இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியாற் பார்ப்பது பழைய முறை, இன்றும் பயன்படுவது. ஆனால் உடல் அழுகிய பின் அழுகற் கிருமிகள் கலந்து மயக்கந் தரும். இக்குறையைப் பி.சி.ஆர். சோதனை நீக்குகிறது. 1983-ல் அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்பார் கண்ட முறை இது. கிருமி மடிந்த பின்னும் அதன் மரபணுப் பொருள் சில காலம் எஞ்சியிருக்கும். அதிற் குறித்ததொரு துணுக்கை, மாறி மாறிச் சூடாக்கியும் குளிரச்செய்தும், சுற்றுதோறும் இரட்டிக்கச் செய்வர். 30 சுற்றில் ஒன்று 100 கோடிக்கு மேலாகும். நஞ்சுக்குரிய துணுக்கும் கிருமியின் மேலுறைக்குரிய துணுக்கும் ஒருங்கே காணப்படின், கொடிய அடைப்பான் கிருமியே எனத் துணியலாம்.

எல்லாக் கிருமிகளுக்கும் இவ்வாறு எளிதில் துணிய இயலாது. சப்பை நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில, நலமுள்ள மாட்டின் குடலிலும் வாழ்ந்து, இறந்தபின் உடலெங்கும் பரவும். ஆகையால் சோதனை முடிவை நோய்க்குறிகளோடு ஒப்பிட்டே மருத்துவர் தீர்மானிப்பர்.

குடியானவர்கள் செய்யவேண்டியவை யாவெனில்:

1. உடலை அறுக்கவோ, தோலுரிக்கவோ, இழுத்துச் செல்லவோ கூடாது. நாய், கழுகு அணுகாமற் காத்தல் வேண்டும்.

2. கால்நடை மருத்துவருக்கும் கிராம அதிகாரிக்கும் உடனே அறிவிக்க வேண்டும். மருத்துவரே காது நரம்பிலிருந்து சில துளி இரத்தம் எடுப்பார்; அதுவே சோதனைக்குப் போதும்.

3. மருத்துவர் கூறியபடி உடலை எரிக்க வேண்டும். அல்லது ஆறடிக்குக் குறையாத ஆழத்திற் புதைக்க வேண்டும்.

4. நோய் கண்ட ஊரில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும்.

தோலின் விலையைக் கருதி ஒரு மாட்டை அறுப்பவர், எஞ்சிய மந்தையையும் தம் உயிரையும் பணயம் வைப்பவராவர்.