மீன்தொட்டிக்கு முதலில் மணல், பிறகு மீன்

வீவக வீட்டில் மீன்தொட்டி வைக்க விரும்புவோர் பலரும் முதலில் மீனை வாங்கிவிடுகின்றனர். அடியில் எதைப் பரப்புவது என்ற யோசனை பிறகுதான் வருகிறது.

வெள்ளை வெளேரென்ற பவளமணல் பார்க்க அழகுதான். ஆனால், அதிலுள்ள சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் கூட்டிவிடும். நியான் டெட்ராவும், சிங்கப்பூர், மலேசிய ஓடைகளிலும் வாழும் ஹார்லிகுவின் ரஸ்போராவும் சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீருக்குப் பழகியவை. பவளமணல் தொட்டியில் நாளடைவில் நலிந்துபோகலாம். கப்பிக்கு அது பரவாயில்லை.

அடியில் மேயும் கோரிடோராஸ், மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். கூரான சரளைக்கல் பட்டால் அந்த மீசை தேய்ந்து புண்ணாகும். வழவழப்பான நுண்மணலே அதற்கு ஏற்றது. ஆறு மீன்களாவது சேர்ந்திருந்தால்தான் அது ஒளியாமல் உலவும்.

டைகர் பார்ப் துறுதுறுப்பானது. கப்பி, ஏஞ்சல், சண்டைமீன் ஆகியவற்றின் நீண்ட துடுப்புகளைக் கடிக்காமல் விடாது. சாதுவாகத் தோன்றும் ஏஞ்சலும் வளர்ந்தபின் நியான் டெட்ராவை விழுங்கிவிடும்.

பாசியைத் தின்னும் என்று விரலளவில் வாங்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்குமேல் வளரக்கூடியது. தொட்டி கொள்ளவில்லை என்று அதை நீர்த்தேக்கத்தில் விடுவது சிங்கப்பூரில் குற்றம். வளர்ந்தபின் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டுவிடலாம்.