தரை டிக்கெட்

ஆண்டிமடம் என்ற பெயரைக் கேட்டதும், அங்கே ஆண்டிகள்தான் குடியிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துவிடாதீர்கள். விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் போகும் வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், பழுத்த முந்திரியின் வாசனை ஜன்னல் வழியாக வந்து உங்களை வரவேற்கும். கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திர சோழனுடைய தலைநகரம் கூட அங்கிருந்து வெகு தூரம் இல்லை. இன்று ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2006-ஆம் வருஷத் தேர்தல் வரையில் அதன் பெயரிலேயே ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது. ஆகையால் அரசியல் என்றால் என்ன என்று அந்த ஊராருக்கு நீங்களோ நானோ சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் ஊர் டீக்கடைகளில் ஒரு போர்டு தொங்கும், பார்த்திருப்பீர்கள்: 'இங்கே அரசியல் பேசக் கூடாது'. அந்தப் போர்டுக்கு நேர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் 'சினிமா பேசக் கூடாது' என்று எந்தக் கடைக்காரராவது போர்டு மாட்டியதுண்டா? கிடையாது. அதில்தான் கடைக்காரர் ஏமாந்து போனார்! தமிழ் நாட்டில் சினிமாவைப் பற்றி ஆரம்பிக்கிற பேச்சு மூன்றாவது வாக்கியத்தில் அரசியலுக்குப் போகும். ஐந்தாவது வாக்கியத்தில் ஜாதிக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு டீ ஆறிப்போகும், பேசுகிறவர்கள் கொதிப்பார்கள்.

ஜாதி, அரசியல், சினிமா ஆகிய மூன்றையும் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. உங்களுக்குச் சம்மதமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து விரலும் ஒரே மணலில்

முதலில் ஒரு நல்ல செய்தி. ஜாதிக் கட்டைத் தளர்த்தியவர்களின் ஜாப்தாவை யாராவது எழுதினால், மகான்களுக்கும் தலைவர்களுக்கும் பிறகு ஓர் ஓரத்தில் டூரிங் கொட்டகைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு முன்னால் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன இருந்தது? திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். ஆனால் அந்தத் தெரு யாருடைய தெரு? பல ஊர்களில் சேரி ஜனங்கள் எட்ட நின்றுதான் அர்ஜுனன் தபசைப் பார்க்க முடிந்தது. சங்கீத சபைகளைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

பிறகு வந்தது கொட்டகை. கீற்றுக் கூரை, மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. டிக்கெட் கொடுக்கிற துவாரத்துக்குள் கையை நீட்டினால், உள்ளே இருந்தவர் பார்த்தது கையிலிருந்த காசைத்தான். கையின் ஜாதியை அல்ல. பண்ணையாரின் பண்ணையாளும், அவரை வெகு தூரத்தில் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியவரும், ஒரே கூரையின் கீழே ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்தினார்கள். தரை டிக்கெட்டில் முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் ஜாதி பார்க்காமல் திட்டினார். இதுவும் ஒருவகைச் சமத்துவந்தானே!

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்று இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். ஜாதிக்குப் பதிலாகக் காசு அங்கே வரிசை பிரித்தது உண்மைதான். ஆனால் காசு சம்பாதிக்கக் கூடியது. பிறப்பை மாற்றிக்கொள்ள முடியுமா?

அங்கே நிறம், இங்கே பிறப்பு

இந்தக் கொட்டகைக் கூரையின் அருமை தெரிய வேண்டுமானால், கொஞ்சம் அமெரிக்கா வரை போய் வரவேண்டும்.

'கான் வித் த விண்ட்' என்ற மிகப் பெரிய படத்தில் வேலைக்காரியாக நடித்தவர் ஹாட்டி மெக்டானியல் என்ற கறுப்பு இனப் பெண்மணி. 1939 டிசம்பரில் அந்தப் படம் அட்லாண்டா நகரில் முதல் முதலாகத் திரையிடப்பட்டபோது, அதில் நடித்த அவரே கலந்துகொள்ள முடியவில்லை. அங்கே வெள்ளையருடன் கறுப்பர் சமமாக உட்காரக் கூடாது! அடுத்த வருஷம் அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கறுப்பு இனத்தவர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. விருந்து மண்டபத்தில் மற்ற நட்சத்திரங்களோடு அவரை உட்கார வைத்தார்களா? இல்லை. சுவர் ஓரமாக ஒரு சின்ன மேஜை. பரிசு கையில், அவமதிப்பு மேஜையில்!

அமெரிக்காவின் தென் பகுதிகளில் கறுப்பர்கள் சினிமாப் பார்க்கத் தனி வாசல், மாடியில் தனி இடம் என்று இருந்தது. 1964-ல்தான் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

நம் அரசியல் சட்டமோ 1950 ஜனவரி 26-லேயே இதைச் சொல்லிவிட்டது. அதன் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். ஜாதி, மதம், இனம், பிறப்பிடம், ஆண், பெண் என்று பேதம் பாராட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாத இடங்களில் கடை, ஹோட்டல், கிணறு, குளம் இவற்றோடு பொதுஜனக் கேளிக்கை இடங்களும் சேர்ந்திருக்கின்றன. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு வேறு இருக்கிறது. மீறினால் தண்டனை என்று 1955-ல் தனிச் சட்டமும் வந்தது. அமெரிக்காவை விடப் பதினாலு வருஷம் முந்திக்கொண்டோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். கொட்டகைக்குள் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் இடைவேளையில் வெளியே வந்தார்கள். எதிரே டீக்கடை. அங்கே எத்தனையோ ஊர்களில் இரண்டு விதக் குவளைகள்! இருட்டில் இருந்த சமத்துவம் வெளிச்சத்துக்கு வந்ததும் கூசிப் போயிற்று.

கதைக்குத் தைரியம் இல்லை

கூரை இப்படித் தைரியமாக இருந்ததே, திரையில் ஓடிய கதை எப்படி இருந்தது?

நந்தனார் கதையை நாம் எத்தனை முறை படம் பிடித்தோம்! 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்காக அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 1942-ல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டைக் கேட்டு உருகாதவர் இல்லை. நானும் உருகுகிறேன். ஆனால் உருகி முடித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நந்தனார் நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகுதானே கோயில் கதவு திறக்கிறது? திறக்க மறுத்தவர்கள் யாரும் நெருப்பில் இறங்கவில்லையே!

கல்கியின் 'தியாக பூமி' 1939-ல் பத்திரிகையில் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தபோதே படமாகவும் வந்தது. புயல் மழையில் சேரி ஜனங்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊரால் ஒதுக்கப்பட்ட சம்பு சாஸ்திரியின் கதை அது. நல்ல மனம் படைத்த கதை. ஆனால் கதாநாயகர் சாஸ்திரிதான். மழையில் நனைந்து வந்தவர்கள் அல்ல.

1956-ல் 'மதுரை வீரன்' வந்தது. எம். ஜி. ஆரின் புகழை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திய படம். சக்கிலியர் குடிசையில் வளர்ந்த வீரன் என்று கிராமத்து ஜனங்கள் கும்பிடுகிற தெய்வம். படத்திலோ அவன் ராஜாவின் பிள்ளை, காட்டில் விடப்பட்டவன், செருப்புத் தைக்கும் தம்பதிகள் எடுத்து வளர்த்தார்கள். இப்படிச் சொல்லும் கதை நாட்டில் முன்பே உண்டுதான். ஆனால் சௌகரியமான கதையாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். குடிசையில் பிறந்தவனை வீரனாக ஏற்க மனம் வரவில்லை. பிறப்பைத் திருத்திவிட்டுத்தான் மாலை போட்டோம்.

இதற்கு நடுவே அரசியலும் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. 'வேலைக்காரி' 1949, 'பராசக்தி' 1952. வசனத்தைக் கேட்டுக் கை தட்டியவர்கள் பிறகு அதே கையால் ஓட்டும் போட்டார்கள். 1967-ல் அண்ணாதுரை, 1969-ல் கருணாநிதி, 1977-ல் எம். ஜி. ஆர். என்று மூன்று முதலமைச்சர்கள் கொட்டகையின் வழியாகக் கோட்டைக்குப் போனார்கள். தரை டிக்கெட்டுக்காரரின் ஓட்டும் நாற்காலிக்காரரின் ஓட்டும் ஒன்றே என்பதைச் சினிமாக்காரர்கள் சீக்கிரமாகவே புரிந்துகொண்டார்கள்!

கதை வந்தது; கூரை போயிற்று

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2018-ல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. அதில் பரியன் ராஜாவின் தொலைந்துபோன பிள்ளை அல்ல. தன் தகப்பனாருக்கே பிள்ளை. அந்தத் தகப்பனார் பெண் வேஷம் கட்டி ஆடுகிற ஏழைக் கலைஞர். நெருப்பில் இறங்காமலே நிமிர்ந்து நிற்கிறான். படத்தின் முடிவில் இரண்டு டீக் கிளாஸ்கள். நடுவிலே ஒரு பூ. முன்பு சொன்னேனே, டீக்கடைக் குவளை! அது கடைசியில் திரைக்கே வந்துவிட்டது.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. இது ஆண்டிமடத்துக்குப் பக்கத்துச் சங்கதி. விருத்தாசலத்தை அடுத்த முதனை என்ற ஊரில் 1993-ல், திருட்டுக் குற்றம் சாட்டிப் போலீசார் பிடித்துச் சென்ற ஓர் ஏழை உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி நியாயம் கேட்டு ஹைகோர்ட்டு வரை போனார். அவருக்காக வாதாடிய வக்கீல் சந்துரு பிற்காலத்தில் ஹைகோர்ட்டு நீதிபதியானார். இதைத்தான் படமாக எடுத்தார்கள்.

ஆனால் படம் வந்த பிறகு நாடு எதைப் பற்றிப் பேசிற்று? ஒரு காலண்டரைப் பற்றி! படத்தில் வரும் கொடுமைக்காரப் போலீஸ் அதிகாரியின் வீட்டுச் சுவரில் அக்னி கலசம் போட்ட காலண்டர் தெரிந்தது. அது வன்னியர் சங்கத்தின் சின்னம். உண்மையில் அந்த அதிகாரி தங்கள் ஜாதிக்காரர் அல்ல, அப்படியிருக்கத் தங்கள் சின்னத்தை ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்றே நான் சொல்வேன். 1987-ல் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்து உயிரையே கொடுத்தவர்கள் உள்ள சமூகம் அது. வேண்டாத பழியைச் சுமக்க யாருக்குத்தான் மனம் வரும்? படக்காரர்கள் காலண்டரை மாற்றினார்கள். டைரக்டர் வருத்தம் தெரிவித்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டாமா? முடியவில்லை. கடைசியில் நடிகரின் வீட்டு வாசலுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. காலண்டருக்காகக் கோபப்பட்டவர்களில் எத்தனை பேர், புருஷனைப் பறிகொடுத்த அந்த ஏழைப் பெண்ணுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்கள்?

இது சினிமாச் சண்டை என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2019 ஏப்ரல் 18-ந் தேதி, சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டுப் பதிவு. வேட்பாளர் ஒருவரின் சின்னம் பானை. அன்று செந்துறைக்குப் பக்கத்தில் பொன்பரப்பியில் ஒரு பானையை உடைத்ததில் தகராறு மூண்டது என்று பத்திரிகைகள் எழுதின. முடிவில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. உடைந்தது பானையோடு போகவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடவேண்டியதாயிற்று.

அந்த வட்டாரத்தில் முந்திரி பொறுக்குகிற கை எது, கரும்பு வெட்டுகிற கை எது என்று பாருங்கள். இரண்டு தெருக்காரர்களும் ஏழைகளே. ஒரே வெயில், ஒரே கூலி. பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் போகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் அல்ல. ஆனால் ஒருவர் கதையை ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கூரை இருந்தது. கதைக்குத் தைரியம் இல்லை. இன்றைக்குக் கதைக்குத் தைரியம் வந்துவிட்டது, கூரையைக் காணோம். டூரிங் கொட்டகைகள் போன இடம் தெரியவில்லை. 'ஜெய் பீம்' தியேட்டருக்கு வரவே இல்லை; இன்டர்நெட் வழியாக நேரே வீட்டுக்குள் வந்தது. அவரவர் கையிலே ஒரு செல்போன், அவரவர் காதிலே ஒரு குழாய். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிற அடுத்த தெருக்காரரை நாம் பார்ப்பதில்லை. படம் முடிந்ததும் அதே போனில் நம் ஜாதிக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கிறோம். அவர் கோபப்பட்டால் நமக்கும் கோபம் வருகிறது. படத்தையே பார்க்காதவருக்கு இன்னும் அதிகமாக வருகிறது!

இதற்குச் சட்டத்தால் மருந்து இல்லை. தடை போடுவதும் மருந்தல்ல. நம்மைப் புண்படுத்திய படத்துக்கு நாமும் பதில் எழுதலாம், பதில் படம் எடுக்கலாம், பேசித் தீர்க்கலாம். கல்லெடுப்பது மட்டும் விமர்சனம் ஆகாது.

ஒரு யோசனை சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். ஆண்டிமடம் போன்ற ஊர்களில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது. திருவிழாவுக்கு ஒளி ஒலி அமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஒரு வெள்ளை வேஷ்டியைக் கட்டி, நல்ல படம் ஒன்றைப் போடுங்கள். ஒரு மாதம் இந்தத் தெருவின் கதை, அடுத்த மாதம் அந்தத் தெருவின் கதை. நாற்காலி வேண்டாம், எல்லோருக்கும் தரை டிக்கெட்தான். இரண்டு தெருப் பெண்களும் குழந்தைகளோடு வரட்டும். பெண்கள் வந்து உட்கார்ந்த இடத்தில் ஆண்களுக்குச் சண்டை போடக் கொஞ்சம் வெட்கம் வரும். படம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ. ஒரே மாதிரிக் குவளையில்.

செலவு அதிகம் ஆகாது, வாசகர்களே! மணல் நம்முடையது, கூரைக்கு வானம் இருக்கிறது. யார் முதலில் வந்து உட்காருவது என்பதுதான் பாக்கி. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு தரம் பேசிப் பாருங்களேன்.