கோடியில் போகும் ஒங்கோல்... சந்தையில் நிற்கும் உம்பளச்சேரி!

2023-ம் ஆண்டு ஜூன் மாதம், பிரேசில் நாட்டில் ஒரு பசுவின் மூன்றில் ஒரு பங்கு ஏலத்துக்கு வந்தது. மாட்டின் பெயர் வியாட்டினா-19. அந்த ஒரு பங்கு மட்டும் 69.9 லட்சம் ரியாலுக்குப் போனது. முழு மாட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.1 கோடி ரியால். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 35 கோடி ரூபாய். ஏலத்தில் உலகிலேயே அதிக விலைபோன மாடு என்று கின்னஸ் பதிவிலும் ஏறிவிட்டது. எடை 1,100 கிலோ. வெள்ளை உடம்பு, திமில், தொங்கும் அலைதாடி. ஒங்கோல் மாட்டை ஒருமுறை பார்த்தவர்கள்கூட அதன் படத்தைப் பார்த்ததும் கண்டுகொள்வார்கள்.

செல்போனில் இந்தப் படம் சுற்றி வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில் உம்பளச்சேரி மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தால் அது நியாயம்தான். அதுவும் நாட்டு மாடு, இதுவும் நாட்டு மாடு. அங்கே கோடி, இங்கே சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வதுதான் விலையா?

பால், இறைச்சி என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால், வியாட்டினாவின் விலை அதன் பாலுக்கும் இல்லை, இறைச்சிக்கும் இல்லை. அதன் கருமுட்டைக்கும், அதிலிருந்து வரப்போகும் கன்றுகளுக்கும்தான். அந்தக் கன்றுகளை நம்பி வாங்க வைப்பது ஒரு புத்தகம். அதாவது, வம்சாவளிப் பதிவேடு.

கப்பல் ஏறிய கதை

1868-ல் ஒரு கப்பல் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் இரண்டு இந்திய மாடுகளை இறக்கிவிட்டுப் போனதாக அந்நாட்டார் சொல்கிறார்கள். அப்போது ஒங்கோல் வட்டாரம் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் அங்கே இந்த மாட்டுக்கு 'நெலோர்' என்று பெயர். அதன் பிறகு பல தவணைகளாக வாங்கிப் போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் போனதுதான் கடைசிப் பெரிய தவணை. ஒங்கோல் பக்கத்துக் கரவடி கிராமத்தின் பெயரைத் தாங்கிய 'கர்வாடி' காளை அப்போது போனதுதான். நேராக ஊருக்குள் விட்டார்களா? இல்லை. பெர்னாண்டோ டி நொரோன்யா என்ற தீவில் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே கரைக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகளை எல்லாம் சேர்த்தாலும் ஏழாயிரத்தைத் தாண்டாது. இன்று அங்கே மாடுகள் 20 கோடிக்கும் மேல். அதில் பெரும்பகுதி திமில் உள்ள மாடுகள்தான். மனிதரைவிட மாடு அதிகம் உள்ள நாடு!

உபெராபா நகரில் உள்ள திமில் மாடு வளர்ப்போர் சங்கம்தான் அந்நாட்டு அரசின் அனுமதியோடு பதிவேட்டை வைத்திருக்கிறது. கன்று பிறந்ததும் தாய், தகப்பன் எண்ணோடு ஒரு பதிவு. வளர்ந்த பிறகு சங்கத்து ஆள் நேரில் வந்து இன லட்சணம் பார்த்து, சூடு போட்டு, இரண்டாவது பதிவு. லட்சணம் இல்லையென்றால் அந்தப் பதிவு கிடைக்காது. இப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதியதைத்தான் ஏலத்தில் விற்கிறார்கள்.

நம் வீட்டு ஜெர்சிக்கும் இதே கதைதான். ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள சின்னத் தீவு. பரப்பளவு சுமார் 118 சதுர கிலோமீட்டர். 1789-லேயே வெளி மாடு உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1866-ல் பதிவேடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து விந்து வாங்கவே 2008-ல்தான் வழி திறந்தார்கள். அந்தத் தீவின் மாட்டு வம்சம் இன்று டெல்டாவில் எந்தக் கொட்டகையில் இல்லை?

'தூய இனம்' என்று யார் சொல்வது?

உலக வணிகத்தில் சுங்கத் துறைக்கு என்று பொருள் எண்கள் உண்டு. தூய இன வளர்ப்பு மாட்டுக்கு 0102.21. அந்த நாட்டின் தகுதியுள்ள அமைப்பு தூய இனம் என்று ஏற்றால்தான் மாடு இந்த எண்ணில் வரும். சுழி சுத்தம், பல் சுத்தம், பத்து ஊருக்குத் தெரிந்த மாடு என்பதெல்லாம் அங்கே செல்லாது. காகிதம் இல்லாவிட்டால் அது வெறும் மாடு.

உம்பளச்சேரி மாட்டின் லட்சணத்தைக் காவிரிக் கடைமடைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் பழக்கத்தால் 'மொட்டை மாடு' என்ற பெயரும் உண்டு. ஜாதி மாடு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். குட்டையான கட்டுடல், சேற்றில் சளைக்காத கால். சம்பா நடவுக்குச் சேறடிக்க இதைவிட்டால் வேறு மாடு கிடையாது என்றிருந்த காலம், டிராக்டர் வந்ததோடு போய்விட்டது. பாலோ ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான்.

கர்னாலில் உள்ள தேசிய மரபுவள அமைப்பு இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால், அது இனத்துக்குக் கொடுத்த பெயர்; உங்கள் கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கு அல்ல. மாடு மாடாகப் பதிவு செய்யும் மத்திய அரசின் மந்தைப் பதிவுத் திட்டத்தில் கிர், காங்ரேஜ், ஹரியானா, ஒங்கோல் என நான்கு மாட்டினங்கள்தான் உண்டு. அதிலும் பார்ப்பது பால் அளவை. சேற்றில் உழும் திறனை எந்தப் படியில் அளப்பது? உழவு மாட்டினத்துக்குத் தனி அளவுகோலோடு ஒரு பதிவேடு வேண்டும் என்று டெல்டா விவசாயிகள் கேட்பதில் தவறே இல்லை. அதுவரை உம்பளச்சேரிக் காளைக் கன்று அடிமாட்டு விலைக்குப் போவதை நிறுத்துவது கடினம்.

வெளிநாட்டுக்கு விற்கலாமா?

நினைத்தபடி விற்க முடியாது. மாட்டின் உறைவிந்து, கரு ஏற்றுமதிக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டார் நம் உயிரின வளத்தை எடுக்கச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியும் தேவை. பலனில் பங்கும் தரவேண்டும். கர்வாடி கப்பல் ஏறிய காலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே, யாராவது வந்து 'வெளிநாட்டுப் பார்ட்டி இருக்கு, காளையைக் காட்டுங்க, விந்து எடுத்துக்கறோம்' என்றால், முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

இப்போதைக்குக் கையில் உள்ள வேலை சின்னதுதான். மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு போடச் சொல்லுங்கள். சினை ஊசி போடும்போது உம்பளச்சேரி விந்துதானா என்று கேளுங்கள். அரசின் இனப்பெருக்கக் கொள்கையே இந்த வட்டாரத்தில் நாட்டினத்தைத் தூய்மையாகப் பெருக்கச் சொல்கிறது. விந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதைக் குப்பையில் போடவிடாமல் வாங்கி, எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். பொலிகாளை வைத்திருப்பவர்கள், அது தன் மகளையே பொலியாதபடி இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காளையை மாற்றுங்கள். கன்று பிறந்த அன்று செவலை நிறத்தோடு ஒரு படம், சாம்பல் நிறம் வந்த பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் இந்த இனத்தைத்தான் பராமரிக்கிறார்கள். நோட்டில் எதை எப்படி எழுதுவது என்பதில் சந்தேகம் இருந்தால், மாட்டின் தோடு எண்ணோடு அங்கேயோ, உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலோ கேட்கலாம்.