வழி அறிந்த மாடும் வண்டி அறிந்த மாடும்

மார்கழி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குத் தச்சங்குறிச்சிச் சாலையோரம் நெடுக வண்டிகள். தமிழ்நாட்டில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் இந்த ஊரில்தான் நடக்கும். அதனால் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி என்று மூன்று ஜில்லா மாடுகளும் பனியில் காத்துக் கிடக்கின்றன.

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குட்டியானை வண்டி ஒன்றும் வரிசையில் நிற்கிறது. பின்தட்டில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருக்கிறார்கள். நடுவில் கருங்காளை ஒன்று அசைபோட்டபடி படுத்திருக்கிறது. அதன் கழுத்தை ஒட்டி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு பையன் தூங்குகிறான். மாடு மூச்சு விடும்போதெல்லாம் போர்வை நுனி அசைகிறது. "அவனுக்குக் குளிரலையா தம்பி?" என்று கீழே டீ குடித்துக்கொண்டிருந்த அவன் அண்ணனைக் கேட்டேன். "மாட்டோட சூடு போதும்ணே" என்றான்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு குடம் தண்ணீர், ஊறவைத்த பருத்திக்கொட்டை வாளி, பேரீச்சம்பழப் பொட்டலம், மாற்றுக் கயிறு, ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு. பிளாஸ்டிக் கவருக்குள் டோக்கனும் மாட்டு டாக்டர் கொடுத்த சான்றும். சாமி படத்துக்கு மேல் ஒரு சின்ன பல்பு. ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை வாரத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரி இவர்களுக்கும் மாட்டுக்கும் இதுதான் வீடு.

என் சித்தப்பா காலத்தில் மாட்டோடு நடந்தே போனார்கள். மாட்டால் நடக்க முடிந்த தூரம் எதுவோ, அதுவரைக்கும்தான் அதன் பேரும் போகும். வல்லத்திராக்கோட்டையில் கட்டுத்தறி என்றால் திருவரங்குளம், ஆலங்குடி, வன்னியன்விடுதி என்று சுற்றுவட்டத்தில் நின்று விளையாடினால் போதும். அதற்கு அப்பால் அந்த மாட்டை யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பொழுது சாய்ந்ததும் கிளம்புவார்கள். அரிக்கேன் விளக்கோடு ஒருவர் முன்னே, மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி சித்தப்பா, பின்னால் தூக்கக் கலக்கத்தோடு நாங்கள். வழியில் கண்மாய்க் கரையில் நிறுத்தித் தண்ணீர் காட்டுவார்கள். மாடு நினைத்த இடத்தில் நிற்கும், மண்ணை மோந்து பார்க்கும், சாணி போடும். சித்தப்பா கயிற்றை இழுக்கவே மாட்டார். "அது வழியைப் படிக்குது, விடு" என்பார். விடிவதற்குள் சொந்தக்காரர் யாராவது ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் மாடு நிற்கும், நாங்கள் திண்ணையில் கிடப்போம். "யாரு மாடு?" என்று கேட்டால், "நம்ம சம்பந்தி வீட்டு மாடு" என்று அந்த ஊர்க்காரர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.

வழியைப் படித்ததற்கான பலன் மறுநாள் தெரியும். வாடிவாசலைத் தாண்டிப் பாய்ந்த மாட்டைத் தேடி யாரும் ஓடமாட்டார்கள். அது கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வயக்காட்டில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடும். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடப்பார். சில நாள் எங்களுக்கு முன்னாலேயே மாடு தொட்டியில் வாய் வைத்துக்கொண்டு நிற்கும். சில நாள் மறுநாள் விடியற்காலையில் வாசலில் வந்து கத்தும். சித்தி விளக்கை எடுத்துக்கொண்டு போய் முதலில் கொம்பைத்தான் பார்ப்பாள். கொம்பில் கட்டிய துண்டும் சல்லிக்காசும் அப்படியே இருந்தால் மாடு பிடிபடவில்லை என்று அர்த்தம். சல்லிக்கட்டு என்ற பேரே அந்தக் காசிலிருந்து வந்ததென்று சொல்வார்கள்.

இந்த நடை எப்போது நின்றது என்று ஒரு நாளைக் குறிப்பிட முடியாது. முதலில் லாரி வந்தது, நாலைந்து மாட்டை ஒன்றாக ஏற்றினார்கள். 2005-இல் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் டாடா ஏஸ் வந்தது, ஒரு மாட்டுக்கு ஒரு வண்டி என்ற கணக்கு கட்டுப்படியானது. ஆனால் வண்டியைக் கட்டாயமாக்கியது சாலையைவிடச் சட்டம்தான். காட்சிப்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் மத்திய அரசு 2011-இல் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. அடுத்த மூன்று பொங்கலுக்கும் கட்டுத்தறியில் நின்ற மாட்டுக்குத் தீனி போட்டவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது, விற்றவர்களும் உண்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள், சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லும் என்றது.

வாடி திறந்தது, கூடவே காகிதமும் வந்தது. இன்ன ஊரில் இன்ன தேதியில் நடத்தலாம் என்று அரசாணை வர வேண்டும், மாட்டு டாக்டர் பரிசோதிக்க வேண்டும், டோக்கன் வேண்டும். பொட்டலில் கட்டுமாடாக அவிழ்த்துவிட்ட காலம் போய், அனுமதி கிடைத்த வாடியைத் தேடி மாடு அலைய வேண்டியதாயிற்று. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,350 மாடுகளுக்குக் குறையாமல் அவிழ்த்தார்கள். அவற்றில் எத்தனை மாடு நடந்து வந்திருக்கும்?

அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் வடக்கே இருக்கும் முதியவர்கள் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு அரிசோனா போன்ற வெயில் சீமைக்குப் போய்விடுவார்கள். நாயும் பூனையும் கூடவே போகும். எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்ற நாயோடு இப்படித்தான் தன் நாட்டைச் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். அவர்கள் தங்கள் பயணத்தில் பிராணியைத் துணைக்கு அழைத்துப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பயணமே பிராணியுடையது, மனிதன்தான் துணை.

மாட்டை ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். வண்டியைப் பின்னாலேயே கொண்டுபோய்க் கண்மாய்க் கரை மேட்டில் பின்தட்டு ஒட்டுகிறமாதிரி நிறுத்துவார்கள். பழகாத மாடு தகரத்தில் குளம்பு பட்டதும் பின்வாங்கும். அடிக்கக்கூடாது, அடித்தால் வாடியிலும் அந்தப் பயம் தெரியும். தட்டில் மண்ணைக் கொட்டி, மேலே வைக்கோல் போட்டு, ஒரு வாரம் தீனியை அங்கேயே வைப்பார்கள். பிறகு அதுவாக ஏறும். மாட்டுக்கு வண்டியில் 2 சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. குட்டியானையில் ஒற்றை மாட்டுக்கு அது உண்டு. ஆனால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் குலுங்கி, இரவெல்லாம் ஒலிபெருக்கியைக் கேட்டு நிற்கும் மாட்டின் களைப்பை எந்த விதியால் அளக்க முடியும்?

போய்விட்டது ஒன்று உண்டு. வண்டியில் வந்த மாட்டுக்கு வழி தெரியாது. அதனால் வாடிக்கு அப்பால் சேகரிப்புப் பகுதியில் கயிற்றோடு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் பிடிகொடுக்காத மாடு தெரியாத ஊர்க் காட்டில் தவிக்கும். கிணற்றில் விழுந்த மாடுகளின் சேதி பேப்பரில் அடிக்கடி வருகிறது. 'கருங்காளை, வலக்கொம்பில் வெட்டு, பார்த்தவர்கள் தகவல் சொல்லவும்' என்று வாட்ஸ்ஆப்பில் படம் சுற்றும். ஆனால் வண்டி அறிந்த மாடும் இருக்கிறது. அன்று தச்சங்குறிச்சியில் பையன் ஹாரனை மூன்று முறை விட்டு விட்டு அடித்தான். சேகரிப்புப் பகுதியில் கயிற்றுக்காரர்களை மிரட்டிக்கொண்டிருந்த கருங்காளை காதை நிமிர்த்தியது. நேரே நடந்து வந்து, மேட்டில் நின்ற வண்டியின் தட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்தது.

சித்தப்பாவிடம் வந்து சொன்னேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி, கட்டிலோடு சரி. "வண்டிக்கு வந்துச்சா? வீட்டுக்கு வரலையா?" என்றார். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு அனுப்பி ஏதோ சொன்னார்.

அடுத்த வாரம் வேறொரு வாடியிலிருந்து திரும்பும்போது நானும் அந்த வண்டியில் இருந்தேன். வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு மைல் இருக்கும்போது பையன் வண்டியைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி மாட்டை இறக்கினான். கயிற்றைக் கழுத்தில் சுற்றிவிட்டு நாங்கள் வண்டியிலேயே மெதுவாகப் பின்னால் போனோம். மாடு இரண்டு இடத்தில் நின்று மண்ணை மோந்தது. பிறகு விளக்கு வெளிச்சத்தை விட்டு விலகி, வரப்பு வழியாக இறங்கிவிட்டது. நாங்கள் சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.