கட்டு பிரிச்சாச்சு, கை ஏன் மடங்கல?

ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடியாச்சு, முழங்கை மட்டும் மடங்க மாட்டேங்குது. காரணம் கொலாஜன். இந்தப் புரதத்தின் மூன்றிழை வடிவத்தை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள்.

ஏரல் வாழைநாரைப் பாருங்க. ஈரமா இருந்தா வழுக்கும், காய்ஞ்சா விறைக்கும். அசையாத மூட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மூட்டைச் சுற்றிய உறையில் நீர் குறையும். இழைகளுக்கு நடுவே வேண்டாத பிணைப்புகள் உருவாகும்.

தசை மெலியும், அதில் கொலாஜனின் பங்கு கூடுவதால் இறுகும். தசைநாணில் நடப்பது நேரெதிர்: இழுவிசை இல்லாததால் புதுக் கொலாஜன் உற்பத்தி குறைந்து, நாண் பலம் இழக்கும்.

பயிற்சி தொடங்கினா தசை சீக்கிரம் தேறும், நாண் மெதுவாத்தான் தேறும். அதனால பலம் வந்தாச்சுன்னு உடனே தண்ணிக்குடம் தூக்காதீங்க. பிசியோதெரபிஸ்ட் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா பாரத்தைக் கூட்டுங்க.