புதிய டீசல் லொறியும் அதன் முதல் எண்ணெயும்

கடன்பட்டுப் புதிய டீசல் லொறி வாங்கியவர், விலையுயர்ந்த எண்ணெயே அதற்கு உகந்ததென்று எண்ணுதல் இயல்பே. ஆயின் எண்ணெயினும் முன்னதாக அறியத்தக்கது உருளையின் உட்சுவராகும். அது முற்றும் வழுவழுப்பானதன்று; குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் அதில் வேண்டுமென்றே இடப்பட்டுள்ளன. அக்கீறல்களின் மேடுகள் முசல வளையங்களோடு உராய்ந்து சிறிது தேய்ந்த பின்னரே வளையங்கள் சுவரோடு செவ்வனே பொருந்தும். பள்ளங்களோ எண்ணெயைத் தாங்கி நிற்கும். வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரிந்த வாயுவின் அமுக்கமாதலின், பாரமின்றி இயந்திரத்தை நெடுநேரம் வெறுமனே ஓடவிடுதல் பெருந்தவறு. சுவர் மெருகேறிவிடின், எண்ணெய் மேலேறி எரிந்து தீரும். மிதமான பாரத்துடன் வேகத்தை மாற்றி மாற்றிச் செலுத்துதலே நன்று.

தொகுப்பு எண்ணெய் தொடக்கத்தில் ஆகாதென்பது பழைய கொள்கை. இக்காலத் தொழிற்சாலைகளில் உருளைச் சுவர் நுட்பமாக முடிக்கப்படுதலால் அவ்வச்சம் பெரிதும் குறைந்தது. பழைய இயந்திரங்களைப் புதுக்கும் பட்டறையாளர் அதனை இன்னும் கைவிடாமை காரணமற்றதன்று. கலத்தின் மீதுள்ள குறிகளே நோக்கற்பாலன. ஏபிஐ சிகே-4 என்பது 2016 டிசெம்பரில் வந்த தரம். 15டபிள்யூ-40 என்பது பிசுக்குமையைக் குறிப்பது. சிகே-4 உடன் தோன்றிய எஃப்ஏ-4 மெல்லியதாதலின், உற்பத்தியாளரின் கைந்நூல் இசையாவிடத்து ஊற்றலாகாது. புகைக்கரி வடிகட்டி பூட்டிய வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே தகும். கரி அங்கு எரிந்தொழியும், சாம்பலோ எரியாது தங்கிவிடும்.