ஸப்போரிஸியா அணுமின் நிலையம்: ‘யார் சுட்டது?’ என்ற கேள்வியோடு நின்றுவிடும் வாக்குவாதம்

உக்ரேனின் ஸப்போரிஸியா அணுமின் நிலையத்திற்கு அருகே குண்டு விழுந்ததாக ஒரு செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. “ரஷ்யாக்காரன்தான் செய்திருப்பான்” என்பது ஒரு கட்சி. “தன் கையில் இருக்கும் இடத்தை அவனே ஏன் சுட வேண்டும்? எல்லாம் மேற்கத்திய ஊடகங்களின் பொய்” என்பது இன்னொரு கட்சி. ஒட்டுக்கடையில் இப்படி ஒரு சண்டையை அருகில் உட்கார்ந்து கேட்டேன். தே தாரே ஆறும்வரை பேசி ஓய்ந்த பிறகு ஒரு பெரியவர் கேட்டார்: “சரி தம்பி, இப்ப அந்த உலை ஓடுதா, நிப்பாட்டிட்டாங்களா?” அத்தனை நேரம் வாதாடிய இருவருக்கும் பதில் தெரியவில்லை.

நிறுத்திவிட்டார்கள் என்பதே பதில். அங்கே ஆறு உலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 மெகாவாட் திறன் கொண்டது. ஐரோப்பாவிலேயே ஆகப் பெரிய அணுமின் நிலையம் அது. 2022 மார்ச் 4ஆம் தேதி ரஷ்யப் படைகள் அதைக் கைப்பற்றின. அதே ஆண்டு செப்டம்பர் 11க்குப் பிறகு அங்கிருந்து நாட்டுக்கு மின்சாரம் போகவில்லை.

நின்றுபோன உலைக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்திய பழைய கொட்டகைகளில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். விறகு போடுவதை நிறுத்தினாலும் உள்ளே கணகணவென்று சூடு இருந்துகொண்டே இருக்கும். அணு எரிபொருளும் அப்படித்தான், ஆனால் அந்தச் சூடு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நிறுத்திய முதல் சில நாட்களில் மிக அதிகமாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். அதுவரை உலைக்குள்ளும், பயன்படுத்திய எரிபொருளை வைத்திருக்கும் குளங்களிலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரித்த இடமே இன்று வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி உயிர் வாழ்கிறது.

ஆகவே இந்த நிலையத்தைப் பற்றிய எந்தச் செய்தியிலும் முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பிகளைத்தான். போருக்கு முன் வெளியிலிருந்து வந்த மின்தடங்கள் 10. இப்போது நல்ல நாளில் 2. கெட்ட நாளில் ஒன்றுதான். அதுவும் அறுந்தால் டீசல் ஜெனரேட்டர்கள் ஓட வேண்டும். 2011இல் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. பின்னால் வந்த சுனாமி ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. உலைகள் நின்றிருந்தும் எரிபொருள் உருகியது.

அதே சமயம், ஸப்போரிஸியாவின் உலைகள் நின்று ஆண்டுகள் ஆகிவிட்டதால் சூடு வெகுவாகத் தணிந்திருக்கிறது. ஏதாவது தவறினாலும் சரிசெய்ய முன்பைவிட அதிக அவகாசம் கிடைக்கும். பயமுறுத்தும் தலைப்புகளில் இந்த விஷயம் இடம்பெறுவதில்லை.

இனி பழி போடும் கதைக்கு வருவோம். நிலையம் கைப்பற்றப்பட்ட அன்று பயிற்சிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. அது வெடித்தால் செர்னோபிலைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கும் என்றார் அப்போதைய உக்ரேன் வெளியுறவு அமைச்சர் டிமிட்ரோ குலேபா. உலகமே அதைத் தலைப்பாக்கியது. ஆனால் செர்னோபில் உலை வேறு வகை. அதைச் சுற்றி இங்கிருப்பது போன்ற தடித்த கான்கிரீட் கூடு கிடையாது. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. ரஷ்யத் தற்காப்பு அமைச்சோ, உக்ரேனின் நாசவேலைக் குழுதான் கட்டடத்திற்குத் தீ வைத்துவிட்டுப் போனது என்றது. படையெடுத்து வந்து நிலையத்தைப் பிடித்தவர்கள் யார் என்பது, அந்த விளக்கத்தைக் கேட்கும்போது மறந்துபோக வேண்டிய விஷயமா?

2023 ஜூலையில் நடந்தது இன்னும் சுவையானது. சில உலைகளின் கூரையில் ரஷ்யர்கள் வெடிபொருள் போன்ற எதையோ வைத்திருக்கிறார்கள் என்றார் அதிபர் ஸெலென்ஸ்கி. உக்ரேன்தான் தாக்கப்போகிறது என்றது ரஷ்யத் தரப்பு. அன்று உலகம் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அனைத்துலக அணுசக்தி அமைப்பின் நிபுணர்கள் கூரையேறிப் பார்க்க அனுமதி கேட்டார்கள். ஒரு மாதம் போல இழுத்தடித்து, ஆகஸ்ட் 3ஆம் தேதிதான் ரஷ்யர்கள் விட்டார்கள். கூரையில் கண்ணிவெடியோ வெடிபொருளோ இல்லை. ஆனால் அதற்கு முன்பே, ஜூலையில், நிலையத்தின் உள்வேலிக்கும் வெளிவேலிக்கும் இடையே மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளை அதே நிபுணர்கள் பார்த்திருந்தார்கள். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டையும் பகிர்ந்தார்கள்?

2024 ஆகஸ்ட் 11ஆம் தேதி குளிரூட்டும் கோபுரம் ஒன்று எரிந்தபோதும் இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டின. நிபுணர்கள் போய்ப் பார்த்தார்கள். தீ கோபுரத்தின் அடியில் தொடங்கியிருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்கள். காரணம் என்ன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். இதைக் கேட்டு இரண்டு கட்சிகளுக்குமே எரிச்சல்.

“அவர்கள் ஏன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?” என்று நம் வாசகர்களும் கேட்பதுண்டு. 2022 செப்டம்பர் முதல் அந்த அமைப்பின் நிபுணர்கள் நிலையத்திலேயே மாறி மாறித் தங்குகிறார்கள். அவர்கள் அணு நிபுணர்கள். பாதுகாப்பைக் கவனிப்பது அவர்கள் வேலை. குண்டு எங்கிருந்து வந்தது என்று துப்பறிவது அவர்களுக்குக் கொடுத்த பொறுப்பில் இல்லை. மேலும், எந்த அறைக்குப் போகலாம் என்பதை நிலையத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். இருந்தாலும் கண்ணால் கண்டதைச் சொல்லத் தவறவில்லை. அங்கே போன முதல் வாரத்திலேயே, ஒன்றாம், இரண்டாம் உலைகளின் டர்பைன் கூடங்களில் ரஷ்ய ராணுவ லாரிகள் நிற்பதை அறிக்கையில் எழுதிவிட்டார்கள்.

ஊடகங்கள் ஒருதலைப்பட்சமானவை என்ற புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஓர் அரசாங்கம் சொன்னதைச் சரிபார்க்காமல் பெரிய எழுத்தில் போடுவது ஒரு சாய்வு. “இரு தரப்பும் பரஸ்பரம் குற்றம் சாட்டின” என்று ஒரே வரியில் கைகழுவுவதும் இன்னொரு சாய்வுதான். ஒரு குறிப்பிட்ட டிரோனை ஏவியது யார் என்பது பல நேரம் தெரியாது. ஆனால் அந்நிய ராணுவம் ஓர் அணுமின் நிலையத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதில் இரு தரப்பு வாதம் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

செய்தியைத் தமிழில் தரும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. “உக்ரேன் தாக்கியதாக ரஷ்யா கூறியது” என்பது செய்தி. தலைப்பில் இடம் போதாமல் “உக்ரேன் தாக்குதல்” என்று சுருக்கினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. இத்தனைக்கும் தமிழில் ஒரேயோர் ‘ஆம்’ போதும். “தாக்கியதாம்” என்று பாட்டி சொன்னால், அவர் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டார் என்பது குழந்தைக்கும் புரியும். செய்தி நடைக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டோம். பிறகு, யார் சொன்னது என்பதையும் சேர்த்தே விட்டுவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். 1977இல் ஜெனீவா உடன்பாடுகளுடன் சேர்க்கப்பட்ட நெறிமுறையின் 56ஆவது விதி, அணுமின் நிலையங்களைத் தாக்குவதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அவற்றின் அருகே ராணுவ இலக்குகளை வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அணுசக்தி அமைப்பின் தலைவர் ரஃபேல் குரோஸி 2023 மே மாதம் ஐநா பாதுகாப்பு மன்றத்தில் வைத்த ஐந்து கொள்கைகளில் முதல் இரண்டும் இதையே தொடுகின்றன: நிலையத்தின் மீதும் சுடக் கூடாது, அங்கிருந்தும் சுடக் கூடாது, கனரக ஆயுதங்களை அங்கே வைக்கவும் கூடாது. நம் வாதங்களில் அவரவர் கட்சிக்குப் பிடித்த பாதி மட்டுமே பேசப்படுகிறது.

2025 செப்டம்பர் 23ஆம் தேதி கடைசி மின்தடமும் அறுந்தது. போர் தொடங்கியதிலிருந்து வெளி மின்சாரம் முழுதாக நின்றது அது பத்தாவது முறை. முன்பெல்லாம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாட்களில் சரியாகும். இம்முறை ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே காலம் ஓடியது. நீ அறுத்தாய், நான் அறுக்கவில்லை என்ற பேச்சு வழக்கம்போல் நடந்தது. உடைந்த இடங்களோ போர்முனையின் இரு பக்கங்களிலும் இருந்தன. அணுசக்தி அமைப்பு இடையில் நின்று பேசியது. அந்தச் சிறு பகுதியில் மட்டும் துப்பாக்கிகளை நிறுத்த இரு ராணுவங்களும் ஒப்புக்கொண்டன. பழுதுபார்ப்பவர்கள் அவரவர் பக்கத்துக் கம்பிகளை இணைத்தார்கள். அக்டோபர் 23ஆம் தேதி மின்சாரம் வந்தது.